ஆழ்கடல் பற்றீரியாவின் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆழ்கடலில், அதாவது கரையை விட்டுத் தள்ளிக் கிடக்கும் திறந்த கடலின் வெளிச்சமுள்ள மேல்நீரில், வாழும் பற்றீரியாக்கள் டிஎன்ஏயை இரட்டிப்பதற்கும் இரண்டாகப் பிரிவதற்கும் நேரம் வைத்திருக்கின்றன என்று வகுப்பில் சொல்லப்போய், அன்றிலிருந்து கேள்விகள் நின்றபாடில்லை. ஏ/எல் (உயர்தர) உயிரியல் பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்களுடைய அப்பாமார் கேட்கிறார்கள், கிழக்கிலங்கை வாழைச்சேனையில் இருந்து ஆழ்கடலுக்குப் போய்வரும் ஒருவர் போன் எடுத்தே கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. வரிசையாக வாசிக்க வேண்டும் என்றில்லை, வேண்டிய கேள்விக்கு நேரே போங்கள்.

பற்றீரியாவுக்குப் பகல் இரவு தெரியுமா?

தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் இல்லை, ஆனால் சூரிய ஒளியை நம்பி வாழ்கிறவற்றுக்கு நன்றாகவே தெரியும். வெப்பவலயக் கடல்களில் கோடானுகோடியாக இருக்கும் புரோகுளோரோகொக்கஸ் என்ற பற்றீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். விடிந்ததில் இருந்து வெளிச்சத்தைப் பிடித்து, காபனைச் சேர்த்து, உடம்பைப் பெருக்கும். மத்தியானம் தாண்டிய பிறகு டிஎன்ஏயை இரட்டிக்கத் தொடங்கும். பொழுதுபட்டு இருட்டியதும் இரண்டாகப் பிரியும். அடுத்த நாள் விடியும்போது பார்த்தால் எல்லாம் திரும்பவும் சின்னக் கலங்களாக, ஒவ்வொன்றுக்குள்ளும் டிஎன்ஏயின் ஒரேயொரு பிரதியோடு நிற்கும்.

1995இல் டானியல் வோலோவும் கூட்டாளிகளும் பசுபிக் சமுத்திரத்தின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் இதை அளந்து சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பின்னேரத்தில் இரட்டிப்பு, இரவில் பிரிவு, ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்தில் நாளுக்கு ஒரு தடவை என்ற கணக்கில் பெருக்கம். அதற்குக் கீழே ஒளி குறையக் குறைய வேகமும் குறையும்.

இதில் என்னை ஆச்சரியப்படுத்துவது அந்த ஒற்றுமைதான். ஆய்வுகூடத்தில் ஒரு குடுவையில் ஈ.கோலையை வளர்த்தால் ஒவ்வொரு கலமும் தன்பாட்டில் பிரிந்துகொண்டிருக்கும், எந்த நிமிடத்தில் எடுத்துப் பார்த்தாலும் எல்லாக் கட்டத்திலும் கலங்கள் இருக்கும். இங்கே நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்குப் பரந்து கிடக்கும், ஒன்றையொன்று தொடாத, பேசிக்கொள்ளாத கலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்கின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது சூரியன் மட்டுந்தான்.

இந்தப் புரோகுளோரோகொக்கஸ் எங்கிருந்து வந்தது? பாடப்புத்தகத்தில் நான் காணவில்லையே.

கடலில் அது எப்போதும் இருந்தது. ஆட்கள் கண்டதுதான் பிந்தி. 1980களின் நடுவில் அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் சாலி சிஸம், வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் ரொப் ஓல்சன் ஆகியோர், வைத்தியசாலைகளில் இரத்தக் கலம் எண்ணுவதற்குப் பயன்படும் ஃபுளோ சைட்டோமீற்றர் என்ற கருவியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்க் கடல்நீரை அதற்குள் விட்டுப் பார்த்தார்கள். மங்கலான சிவப்பு ஒளி விடும், மிகமிகச் சிறிய ஏதோ ஒன்று திரளாகத் தெரிந்தது. முதலில் கருவியின் கோளாறோ என்ற சந்தேகம்கூட இருந்தது. உயிர்தான் என்று உறுதியாகி 1988இல் நேச்சர் இதழில் வந்தது.

அளவு ஏறத்தாழ 0.6 மைக்ரோமீற்றர். ஒளித்தொகுப்புச் செய்யும் உயிர்களில் இதைவிடச் சிறியது நாம் அறிந்தவரை இல்லை. ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில் ஒரு இலட்சம் கலம் இருப்பது சாதாரணம். உலகம் முழுக்க எண்ணினால் 3க்குப் பின்னால் 27 பூச்சியம் வருகிற அளவு. வருடத்துக்கு ஏறத்தாழ 400 கோடித் தொன் காபனை இவை பிடிக்கின்றன என்று ஒரு மதிப்பீடு உண்டு. இதைச் செய்கிற உயிரை 1980களுக்கு முன்பு யாருக்குமே தெரியாது என்பதை யோசித்துப் பாருங்கள்.

திறந்த கடல் என்றால் எது? பாசிக்குடாவில் எடுக்கிற தண்ணீர் சரிவராதா?

வராது, அல்லது அரைகுறையாகத்தான் வரும். கரையோரத் தண்ணீரில் வாவியில் இருந்து வருகிற சேறு, போசணை, வேறு வகைப் பற்றீரியா எல்லாம் கலந்திருக்கும். முகத்துவாரம் வெட்டுப்பட்டு வெள்ளம் கடலுக்குள் பாயும் மாரி காலத்தில் பாலமீன்மடுப் பக்கம் தண்ணீர் எந்த நிறத்தில் கிடக்கும் என்று தெரியும்தானே. நான் சொல்லும் கடல் நீலமாக, தெளிவாக, போசணை மிகக் குறைவாக இருக்கும் கடல்.

எங்களுக்கு அது அவ்வளவு தூரமும் இல்லை. கிழக்குக் கரையில் கண்டமேடை ஒடுங்கியது, சில பத்துக் கிலோமீற்றருக்குள் ஆழம் ஆயிரம் மீற்றரைத் தாண்டிவிடும். ஆனால் எங்கள் ஆழ்கடலுக்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது. கச்சான் காலத்தில், அதாவது தென்மேல் காற்று வீசும் மே தொடக்கம் செப்டெம்பர் வரை, இலங்கைக்குக் கிழக்கே நடுக்கடலில் காற்றின் சுழற்சியால் கீழிருக்கும் குளிர்ந்த நீர் மேல்நோக்கிக் குவியும். விநயச்சந்திரனும் யமகாட்டாவும் 1998இல் இதை விளக்கி எழுதினார்கள், கடலியல்காரர் இதை 'இலங்கைக் குவிமாடம்' என்பார்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் கிடக்கிற அதே அகலக்கோடுதான், நேரே கிழக்கே போனால் சரி. குளிர்ந்த நீரோடு போசணையும் மேலே வருவதால் அந்த மாதங்களில் பச்சையம் கூடுவது செய்மதிப் படங்களிலேயே தெரியும். வாடைக் காலத்தில் கதை வேறு, வங்காள விரிகுடாவின் ஆறுகள் கொட்டிய உப்புக் குறைந்த நீர் கரையோரமாகத் தெற்கே இறங்கிவரும். ஆகவே பசுபிக்கில் அளந்ததை அப்படியே தூக்கி எங்கள் கடலில் வைத்துவிடக் கூடாது. சூரியனுக்கு ஏற்ப இரட்டிக்கும் ஒழுங்கு பொதுவானது. எந்த மாதத்தில் யார் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

ஏன் பின்னேரம்? காலையிலேயே டிஎன்ஏயை இரட்டித்துவிட்டால் என்ன?

இரண்டு காரணம் சேர்ந்து வருகிறது. முதலாவது, டிஎன்ஏ கட்டுவதற்குச் சக்தியும் பொருளும் வேண்டும், இரவு முழுக்கச் சேமிப்பைக் கரைத்து முடித்த கலத்திடம் காலையில் அது இருக்காது. பகலில் சேர்த்த பிறகுதான் செலவழிக்கலாம். கலம் ஓரளவு பருமன் ஆனால்தான் இரட்டிப்பு தொடங்கும் என்பது பற்றீரியாக்களில் பொதுவாகக் காண்கிற விசயமும்கூட.

இரண்டாவது வெயில். நீலக்கடலில் புறஊதாக் கதிர் நன்றாக உள்ளே இறங்கும். டிஎன்ஏயைத் திறந்து வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் புறஊதா விழுந்தால் சேதத்தைத் திருத்தவும் அவகாசம் இல்லாமல் போகும். 2010இல் வந்த ஒரு ஆய்வில் புரோகுளோரோகொக்கஸை ஆய்வுகூடத்தில் புறஊதாவோடு சேர்த்து வளர்த்தார்கள். இரட்டிப்பு இரண்டு மணித்தியாலம் அளவில் பிந்தி, இருட்டை நோக்கித் தள்ளிப்போனது. எனக்கு இந்த முடிவு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் நேரம் தவறாமல் நடக்கும் இயந்திரமாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று, வெயில் கடுமையாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துச் செய்கிறது என்று அது காட்டுகிறது.

இவ்வளவு சின்னக் கலம் எப்போது இரட்டிக்கிறது என்று எப்படித் தெரியும்? யார் பார்த்தது?

ஒரு கலத்தை உட்கார்ந்து பார்ப்பதில்லை. கூட்டமாகத்தான் பார்க்கிறோம், இந்த முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

கப்பல் ஒரே நீர்த்திரளோடு மிதந்துகொண்டிருக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரே ஆழத்தில் நீர் எடுத்து, இரசாயனம் விட்டுக் கலங்களை அப்படியே நிறுத்தி, உறைய வைப்பார்கள். பிறகு டிஎன்ஏயில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயம் விட்டு ஃபுளோ சைட்டோமீற்றருக்குள் அனுப்புவார்கள். அதில் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கற்றையைக் கடக்கும், கடக்கும்போது எவ்வளவு ஒளிர்கிறது என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். டிஎன்ஏ இரண்டு மடங்கு இருந்தால் ஒளியும் இரண்டு மடங்கு.

இப்போது வரைபைப் பாருங்கள். கிடையச்சில் ஒளியின் அளவு, நிலைக்குத்தில் கலங்களின் எண்ணிக்கை. காலை ஆறு மணி மாதிரியில் ஒரேயொரு கூர்மையான மேடு, ஒரு பிரதி டிஎன்ஏ உள்ளவை. பத்து மணிக்கும் அதே மேடுதான். இரண்டு மூன்று மணிக்கு அந்த மேட்டின் வலப்பக்கம் சரியத் தொடங்கும், அதாவது சில கலங்கள் பாதி இரட்டித்த நிலையில் இருக்கின்றன. ஐந்து ஆறு மணிக்கு வலப்பக்கத்தில், சரியாக இரண்டு மடங்கு ஒளியில், இரண்டாவது மேடு எழும்பி நிற்கும், நடுவில் உள்ள பள்ளம் இன்னும் நிரம்பியிருக்கும். இருட்டிச் சில மணித்தியாலத்தில் பள்ளம் காலியாகும். அதற்குப் பிறகு இரண்டாவது மேடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கலங்கள் முதல் மேட்டுக்கே திரும்பும். எத்தனை வீதம் கலங்கள் பள்ளத்தைக் கடந்தன என்பதில் இருந்து அந்தக் கூட்டம் அன்று எவ்வளவு பெருகியது என்று கணக்குப் போடலாம். போத்தலில் அடைத்து வளர்த்துப் பார்க்கத் தேவையே இல்லை, அதுதான் இந்த முறையின் பெரிய நன்மை, ஏனென்றால் போத்தலில் அடைத்த பற்றீரியா கடலில் நடப்பதுபோல் நடப்பதில்லை.

உள்ளே மணிக்கூடு இருக்கிறதா, அல்லது வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் செய்கிறதா?

நல்ல கேள்வி, பதில் இனத்துக்கு இனம் வேறு.

நீலப்பச்சைப் பற்றீரியாக்களில் உண்மையான மணிக்கூடு உண்டு. சினெக்கோகொக்கஸ் இலோங்கேட்டஸ் என்ற நன்னீர் வகையில் அதன் மரபணுக்களை 1998இல் கண்டுபிடித்தார்கள், தகாவோ கொண்டோ, சூசன் கோல்டன், கார்ல் ஜோன்சன் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்த வேலை. காய்-ஏ, காய்-பி, காய்-சி என்று மூன்று புரதங்கள். 2005இல் கொண்டோவின் குழு இந்த மூன்றையும் ஏடிபி என்ற சக்தி தரும் மூலக்கூறோடு சேர்த்துப் பரிசோதனைக் குழாயில் விட்டது. கலம் இல்லை, டிஎன்ஏ இல்லை, வெளிச்சமும் தேவையில்லை, குழாய்க்குள் காய்-சி புரதத்தில் பொசுபேற்று ஏறுவதும் இறங்குவதும் ஏறத்தாழ 24 மணித்தியாலச் சுற்றில் நாட்கணக்காக நடந்தது. வெப்பநிலையைக் கூட்டிக் குறைத்தாலும் சுற்றின் நீளம் பெரிதாக மாறவில்லை. உயிரில்லாத நாலு சாமானைக் கலந்து ஒரு நாளை உண்டாக்கியிருக்கிறார்கள், இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

ஆழ்கடல் புரோகுளோரோகொக்கஸிடம் காய்-ஏ இல்லை, பரிணாமத்தில் கைவிட்டுவிட்டது. விளைவு, தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்தால் அதன் தாளம் கெதியில் மங்கிப்போகும். தானாக ஓடிக்கொண்டே இருக்கும் மணிக்கூடு அதனிடம் இல்லை, ஒவ்வொரு விடியலும் வந்து திருப்பிவிட வேண்டும், அதனால் மணற்கடிகார வகை என்று சொல்வார்கள். ஏன் கைவிட்டது? போசணை இல்லாத கடலில் ஒவ்வொரு மரபணுவும் பொசுபரசும் நைதரசனும் கேட்கும் செலவு, இதன் டிஎன்ஏ ஏற்கெனவே மிகச் சிக்கனமானது, சில வகைகளில் 17 இலட்சம் எழுத்துக்கும் குறைவு. அதோடு இங்கே எங்கள் பக்கத்தில் வருடம் முழுக்கப் பகலின் நீளம் பன்னிரண்டு மணித்தியாலத்தில் இருந்து அரை மணி அளவில்தான் கூடிக்குறையும். சூரியன் இவ்வளவு ஒழுங்காக வருகிற இடத்தில் சொந்த மணிக்கூடு பெரிய அவசியம் இல்லை என்பது என் எண்ணம்.

ஒளித்தொகுப்புச் செய்யாத பற்றீரியாக்கள்? அவற்றுக்கு வெயில் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?

அப்படித்தான் நிறையப் பேர் நினைத்தார்கள். 2014இல் எட்வர்ட் டிலோங்கின் குழு ஹவாய்க்கு அப்பால் நடுக்கடலில், நீரோட்டத்தோடு தானே மிதந்துபோய் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாதிரி எடுக்கும் ஒரு ரோபோவை விட்டது. அந்த நேரத்தில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்த்ததில், சார்-11 போன்ற ஒளித்தொகுப்பில்லாத கூட்டங்களிலும் நாளாந்த ஏற்றஇறக்கம் இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் இல்லை. ஒரு கூட்டம் முதலில், இன்னொன்று கொஞ்சம் பிந்தி என்று நாள் முழுக்கப் பரவியிருந்தது.

காரணம் பெரும்பாலும் சாப்பாடு. ஒளித்தொகுப்புச் செய்பவை பகலில் தயாரிப்பதில் ஒரு பகுதி வெளியே கசிகிறது, அதை நம்பித்தான் மற்றவை வாழ்கின்றன. தொழிலாளிக்குச் சம்பளம் வரும் நேரத்தில்தான் கடைக்காரனுக்கும் வியாபாரம், சரியா? அதோடு இவற்றில் பலவற்றிடம் புரோட்டியோரொடொப்சின் என்ற புரதம் இருக்கிறது, 2000ஆம் ஆண்டில்தான் கடல் பற்றீரியாவில் அது தெரியவந்தது. காபனைப் பிடிக்க முடியாவிட்டாலும் வெளிச்சத்தில் இருந்து கொஞ்சம் சக்தி எடுக்க அது உதவும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மரபணு வேலை செய்வதில் தாளம் இருப்பதும், டிஎன்ஏ இரட்டிப்பதில் தாளம் இருப்பதும் ஒன்றல்ல. சார்-11 ஆய்வுகூடத்தில் நாளுக்கு ஒரு தடவைகூட முழுதாகப் பிரிவதில்லை. அப்படி ஆறுதலாக வளர்வது ஒவ்வொரு மாலையும் ஒன்றாகச் சேர்ந்து இரட்டிக்க முடியாதுதானே.

மரபணு வாசிப்பில் இருந்தே இரட்டிப்பு நடக்கிறதா என்று கண்டுபிடிக்கலாமாமே, அது எப்படி?

பற்றீரியாவின் டிஎன்ஏ பெரும்பாலும் வட்டம். இரட்டிப்பு ஒரு குறிப்பிட்ட புள்ளியில் தொடங்கி இரண்டு பக்கமாகவும் ஓடி எதிர்ப்பக்கத்தில் முடியும். ஆகவே இரட்டித்துக்கொண்டிருக்கும் கலத்தில் தொடங்கும் இடத்தின் பிரதிகள் இரண்டு, இன்னும் எட்டாத முடிவிடத்தின் பிரதி ஒன்று. கடல்நீரில் உள்ள எல்லா டிஎன்ஏயையும் துண்டு துண்டாக வாசித்து, தொடக்கப் பக்கத்துத் துண்டு எத்தனை, முடிவுப் பக்கத்துத் துண்டு எத்தனை என்று எண்ணினால் அந்த விகிதத்தில் இருந்து எவ்வளவு கலங்கள் இரட்டிப்பில் இருக்கின்றன என்று ஊகிக்கலாம். 2015இல் குடல் பற்றீரியாவில் இதைக் காட்டினார்கள், பிறகு கடலுக்கும் கொண்டுவந்தார்கள்.

புரோகுளோரோகொக்கஸ் போல ஒத்திசைந்து வேலை செய்யும் கூட்டத்தில், விகிதம் பின்னேரத்தில் ஏறி இரவில் இறங்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் இதை வைத்து எல்லாக் கடல் பற்றீரியாவின் வளர்ச்சி வேகத்தையும் சொல்லிவிடலாம் என்று ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். ஒளித்தொகுப்பில்லாத கடல் பற்றீரியாக்களில் இந்தக் கணிப்பை நேரடியாக அளந்த வளர்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது நன்றாகப் பொருந்தவில்லை. மெதுவாக வளர்வதில் விகிதம் எப்போதும் ஒன்றுக்குக் கிட்டத்தான் நிற்கும், அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துப் பெரிய கதை சொல்வது கஷ்டம்.

தினமும் இரட்டித்தால் கடல் நிரம்பிப் போகாதா?

இதுதான் எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது என்பேன். நாளுக்கு ஒரு தடவை என்று முப்பது நாள் விடாமல் இரட்டித்தால் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். கடல் பச்சைக் கூழாகிவிடும். அப்படி ஆவதில்லை, மாதக்கணக்காக எண்ணினாலும் ஒரு மில்லிலீற்றரில் அதே இலட்சம் அளவில்தான் நிற்கிறது. அப்படியென்றால் தினமும் பிறப்பது அளவுக்குத் தினமும் சாகிறது.

2015இல் பிரான்சுவா ரிபாலேயும் கூட்டாளிகளும், ஓடும் கப்பலிலேயே கடல்நீரை உறிஞ்சி இடைவிடாமல் எண்ணும் ஒரு சைட்டோமீற்றரைக் கொண்டு பசுபிக்கில் இதை அளந்தார்கள். பிரிவு மட்டுமில்லை, சாவும் பகல் இரவோடு ஒத்துப்போனது, இரவில் கூடியது. பிறக்கும் நேரத்தை ஒட்டியே தின்னப்படுகின்றன.

தின்பது யார்? ஒன்று, ஒற்றைக்கல வேட்டைக்காரர்கள், சவுக்குமுளை (சவுக்குப் போன்ற வால்) உள்ளவை. மற்றது வைரசுகள். கடல்நீரில் ஒரு மில்லிலீற்றரில் ஒரு கோடி அளவுக்கு வைரசு இருக்கலாம், பற்றீரியாவைவிடப் பத்து மடங்கு அளவில். ஆகவே காலையிலும் அடுத்த காலையிலும் எண்ணிப் பார்த்து, "எண்ணிக்கை மாறவில்லை, அங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த இடைவெளிக்குள் கூட்டத்தின் பெரும் பகுதி ஆள் மாறியிருக்கும்.

வைரசுக்கும் நேரம் இருக்கிறதா?

இருக்கிறது. நீலப்பச்சைப் பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகள் பல, ஒளித்தொகுப்புக்கான மரபணுவையே தங்களோடு சுமந்து திரிகின்றன. கலத்தைக் கொல்லும்வரை அதன் ஒளித்தொகுப்பு நின்றுவிடாமல் ஓட்டி, அந்தச் சக்தியில் தங்கள் பிள்ளைகளைக் கட்டுகின்றன. ஹவாய்க் கடலில் பார்த்தபோது இந்த வைரசு மரபணுக்களின் வேலை பின்னேரப் பக்கம் உச்சத்துக்கு வந்தது. கலம் தன் டிஎன்ஏயைக் கட்டப் பொருள் சேர்த்து வைத்திருக்கும் அதே நேரம். கெட்டித்தனமான திருட்டு.

நைதரசன் பிடிக்கிறவை?

சுருக்கமாகச் சொல்கிறேன், இது தனியாக எழுத வேண்டிய விசயம். நைதரசனைப் பிடிக்கும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுப்போகும், ஒளித்தொகுப்போ ஒட்சிசனை வெளிவிடும். குரோக்கோஸ்பியரா என்ற நீலப்பச்சைப் பற்றீரியா பகலில் ஒளித்தொகுப்பு, இரவில் நைதரசன் என்று பிரித்துக்கொண்டது. அதிலும் கடலில் இரும்பு தட்டுப்பாடு என்பதால் பகல் வேலைக்கான புரதங்களில் இருந்த இரும்பை இரவில் கழற்றி மற்றதற்குப் போட்டு, விடிந்ததும் திரும்ப மாற்றுகிறது என்று 2011இல் காட்டினார்கள். தினமும். திரைக்கோடெஸ்மியம் என்ற இன்னொன்றோ பகலிலேயே இரண்டையும் சமாளிக்கிறது.

இரவில் தோணி போகும்போது தண்ணீர் பளிச்சிடுவது இந்தப் பற்றீரியாவா?

இல்லை. துடுப்புப் பட்டதும் நீலமாக மின்னுவது பெரும்பாலும் டைனோஃபிளாஜலேற் என்ற ஒற்றைக்கல உயிரிகள், பற்றீரியாவைவிட நிறையப் பெரியவை. ஆனால் அவற்றுக்கும் உள்மணிக்கூடு உண்டு. 1950களில் வூட்லண்ட் ஹேஸ்டிங்ஸும் பியட்ரிஸ் சுவீனியும், மங்கலான ஒளியில் மாறாமல் வைத்திருந்தும் அவை இரவாக இருக்க வேண்டிய நேரத்தில் கூடுதலாக ஒளிர்வதைக் கண்டார்கள்.

பூரணைக்கு ஏதும் மாறுமா?

எங்கள் மட்டக்களப்பில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா, வாவியின் பாடும் மீனே பூரணைக்குத்தான் நன்றாகக் கேட்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ நாலு இலட்சத்தில் ஒரு பங்கு, ஒளித்தொகுப்புக்கு அது காணாது. ஆனால் இரவில் ஆழத்தில் இருந்து மேலே வந்து மேயும் சின்ன விலங்குகள் நிலவு வெளிச்சத்துக்குப் பயந்து அவ்வளவு மேலே வராது. அந்த வழியால் சுற்றிவளைத்து ஏதும் மாறலாம், நேரடியாக இல்லை.

மாரி மழையில் மூடிக்கிடக்கும் நாட்களில்?

வெளிச்சம் குறைந்தால் சேர்க்கும் காபன் குறையும், அன்று இரட்டிப்பில் இறங்கும் கலங்களின் பங்கும் குறையும். இறங்குகிறவை பின்னேரம் இரவு என்ற ஒழுங்கை விடாது. முகில் எவ்வளவு கறுத்திருந்தாலும் பகல் பகல்தான், இரவு இரவுதான்.

"மனே, இதால எங்களுக்கு என்ன பிரயோசனம்?"

போன் எடுத்தவர் கேட்டது இதைத்தான். உண்மையைச் சொன்னால், எந்த இடத்தில் தூண்டிலைப் போடலாம் என்று இது சொல்லாது. பொழுதுபடும் நேரம் மீன் நன்றாகப் பிடிபடுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை, அது மேலே ஏறிவரும் சின்ன விலங்குகளைத் தேடி மீன் வருவதால். ஆனால் நீலக்கடலில் ஏன் மீன் குறைவு என்ற கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. இவ்வளவு சின்னக் கலத்தைச் சூரை மீன் தின்ன முடியாது. சவுக்குமுளை உயிரி தின்ன வேண்டும், அதை இன்னொன்று, அதை இன்னொன்று, ஒவ்வொரு படியிலும் பெரும் பகுதி சுவாசத்தில் எரிந்து போகும். கடைசியில் சூரைக்கு மிஞ்சுவது சொற்பம். கச்சான் காலத்தில் குளிர்நீர் மேலே வரும் இடத்தில் பெரிய அல்காக்கள் வளரும், படி குறையும், மீனுக்குப் போய்ச் சேர்வது கூடும். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் குளிர் தண்ணி கிடக்கிற இடத்தச் சொல்லு" என்றார். செய்மதிப் பச்சையப் படம் பார்க்கிற வழியைச் சொல்லிக் கொடுத்தேன், அது அவருக்குப் பிடித்துப்போனது.

பள்ளிக்கூடத்தில் செய்து பார்க்க முடியுமா?

புரோகுளோரோகொக்கஸைப் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், தெரியாது. ஆனால் ஒரு நாளின் ஏற்றஇறக்கத்தை வேறு வழியில் காணலாம். வாவி நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலம் அளந்து பாருங்கள். அதை அளக்கும் விங்க்ளர் முறைக்குத் தேவையான மங்கனீசு உப்பு, அயடைட்டுக் கலந்த காரம், அமிலம், தயோசல்பேற்று, மாப்பொருள் எல்லாம் இரசாயன ஆய்வுகூடத்தில் கேட்டுப் பார்க்கலாம். பகலில் ஒளித்தொகுப்பால் ஏறி, பின்னேரம் உச்சத்துக்கு வந்து, இரவு முழுக்கச் சுவாசத்தால் இறங்கி, விடிய முன்பு மிகக் குறைவாக இருப்பதைக் காண்பீர்கள். பலமான காற்றும் மழையும் உள்ள நாளில் செய்தால் படம் கலங்கும். காற்றே தண்ணீருக்குள் ஒட்சிசனைக் கலந்துவிடும்.

போத்தலில் குமிழி சேராமல் நிரப்புங்கள், மங்கனீசும் காரமும் அந்த இடத்திலேயே விடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் விடலாம் என்று வைக்காதீர்கள். கல்லடிப் பழைய பாலத்தில் இருந்து வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினால் போதும், இரவில் கரையில் இறங்கி நிற்க வேண்டாம், வாவியில் முதலை இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு போத்தலிலும் திகதியை மட்டும் எழுதாமல் மணியையும் எழுதுங்கள், அன்றைய சூரிய உதயமும் மறைவும் எத்தனை மணிக்கு என்று கொப்பியின் மேலே குறித்து வையுங்கள்.